கண்ணுக்கு யாரும் மஞ்சள் பூசுவதில்லை

நான் வாழ்க்கைப்பட்டு வந்த வீடு நார்த்தாமலைக்குச் சற்றுத் தள்ளி. மாமனார், மாமியார், என் வீட்டுக்காரர், அவருடைய அண்ணன் மனைவி, நான். அண்ணன் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவள் புருஷன் மலாயாவில் ஒரு கடையில் வேலை பார்த்தார். ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்த பிறகு அவருடைய கடுதாசி நின்றுபோயிற்று. உயிரோடு இருக்கிறாரா என்று கேட்கிற வாய் எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை.

கேட்பதற்குப் பதிலாக மாமியார் ஒரு காரியம் செய்தார். விடிந்ததும் கிணற்றடிக் கல்லில் மஞ்சள் உரசி, அக்காளின் முகம், கை, காலெல்லாம் தானே பூசிவிடுவார். முன்பு அவளாகப் பூசிக்கொள்வதுதான். கடுதாசி நின்றதிலிருந்து அந்த வேலை மாமியார் கைக்குப் போய்விட்டது. நாளாக நாளாகப் பூச்சும் தடித்தது. தன் மகன் உயிரை அங்கே பிடித்து நிறுத்தியிருப்பது இந்த மஞ்சள்தான் என்பது போல அழுத்திப் பூசுவார். அக்காளும் கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள்.

அந்தக் கோடையில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தாளிக்கிற வாசனை வந்தாலே குமட்டிக்கொண்டு எழுந்துவிடுவாள். புருஷன் ஊரில் இல்லாதவளுக்குக் குமட்டல் என்றால் ஊர் வேறு விதமாக நினைக்கும். அதனால் மாமியார் அந்தப் பேச்சையே வெளியில் விடவில்லை. பிறகு உடம்பெல்லாம் அரிப்பு எடுத்தது. அரிப்புக்கு எங்களுக்குத் தெரிந்தது வேப்பிலையும் மஞ்சளும். அம்மியில் அரைத்து முதுகு, வயிறு எல்லாம் பூசினோம். தண்ணீருக்கு வந்த பக்கத்து வீட்டுக்காரி பார்த்துவிட்டு, மகராசிக்கு மஞ்சள் என்னமாய்ப் பிடித்திருக்கிறது என்று மெச்சினாள். மாமியாருக்கு அன்றைக்கு மனசு குளிர்ந்துபோயிற்று.

காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். எங்கள் வீட்டில் அது தலைகீழ். காமாலை அவளுக்கு, கண் தெரியாமல் போனது எங்களுக்கு.

நான் நாலு பேர் முன்னால் பேசுகிறவள் இல்லை. ஆனால் துணி துவைப்பவள் நான்தான். அவள் உள்பாவாடையில் இருந்த கறை மஞ்சள் பூச்சின் கறை இல்லை என்று கைக்குத் தெரிந்தது. அவள் கண்ணின் வெள்ளையும் மஞ்சளித்திருந்தது. அடுப்படியில் மாமியாரிடம் மெல்லச் சொன்னேன். குளிக்கும்போது கண்ணுக்குள் மஞ்சள் இறங்கியிருக்கும் என்றார். அதற்கு மேல் பேச எனக்கு வரவில்லை. மறுநாள் அக்கா கிணற்றடியில் குடத்தோடு சாய்ந்தாள். சத்தம் கேட்டு வந்த மாமனார், இன்றைக்கே டவுனுக்குக் கூட்டிப் போங்கள் என்று சொல்லிவிட்டார்.

யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ் கரியில் ஓடியது. ஏற்றம் வந்தால் திணறி நிற்கும். திருக்கோகர்ணம் தாண்டுவதற்குள் அக்கா என் மடியில் படுத்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. வெளிச்சத்துக்குச் சன்னலோரம் நிறுத்தி, கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார்.

"கண்ணுக்கு யாரும் மஞ்சள் பூசுறதில்லையே. இது காமாலை."

ஒன்றுக்குப் போவது என்ன நிறம் என்று கேட்டார். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். மாமியார் சுவரைப் பார்த்தார். கருப்பட்டித் தண்ணி மாதிரி என்று நான்தான் சொன்னேன். சொல்லிவிட்டு வெட்கத்தில் காது சுட்டது.

எண்ணெய் கூடாது, கஞ்சியும் மோரும் கொடுங்கள், படுத்தே இருக்கட்டும் என்றார் டாக்டரம்மா. மஞ்சள் பூச்சையும் நிறுத்தச் சொன்னார். உடம்பின் நிறம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று வீட்டில் தினமும் பார்க்க வேண்டுமாம். ஏறினால் அன்றைக்கே தூக்கி வரவேண்டும், இல்லாவிட்டால் உயிருக்கே ஆபத்து என்றார். ஆயா சோப்பும் தண்ணீரும் கொண்டுவந்து வைத்தாள்.

மாமியார் குறுக்கே போய் நின்றார். "மஞ்சளை அழிச்சா எம் மகனுக்கு ஆகாதுங்கம்மா. அவன் அங்கிட்டு என்ன பாடு படுறானோ."

மூடநம்பிக்கை என்று டாக்டரம்மா வைவார் என நினைத்தேன். வையவில்லை. மகன் எங்கே என்று விசாரித்தார். பிறகு, "உடம்பு யாரோடதோ அவங்க சொல்லட்டும்" என்றார்.

எங்கள் வீட்டில் அக்காளிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. அவள் தாலிக் கயிற்றைக் கையில் பிடித்தாள்.

"கயித்துக்கு மட்டும் பூசுங்க அயித்தை. அது அவுக கட்டுனது. உடம்பைக் கழுவிக்கிறேன்."

மாமியார் விலகினார். அழுதுகொண்டே தண்ணீர் ஊற்றியதும் அவர்தான்.

வீடு திரும்பியதும் ஊர் கேட்கத்தான் செய்தது. மஞ்சள் இல்லாத முகத்தைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரி, குரலை இறக்கி, மலாயாவிலிருந்து ஏதும் சேதி வந்துச்சா என்றாள். மாமியார் அக்காளின் தாலிக் கயிற்றை வெளியே எடுத்துக் காட்டினார். "சேதி வரலை. வைத்தியம் நடக்குது. கயித்தைப் பாரு, மஞ்சளா இருக்கு" என்றார்.

அதற்குப் பிறகு அக்காளைக் காலை வெயிலில் உட்கார வைத்து மாமியாரே இமையை இழுத்துப் பார்ப்பார். பிறகு கன்னம், கழுத்து, உள்ளங்கை. கயிற்றுக்கு மட்டும் மஞ்சள் தடவுவார்.

யுத்தம் முடிந்து அக்காளின் புருஷன் எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்தார். கயிறுதான் காத்தது என்று மாமியார் சொல்லிச் சொல்லி மாய்ந்தார். அவர் வராமல் போயிருந்தால் அந்தப் பழி எந்த முகத்தின் மேல் விழுந்திருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன். அது தெரிந்துதான் கயிற்றுக்கு மட்டும் பூசுங்கள் என்று அக்கா அன்றைக்குச் சொன்னாள். அவள் பிழைத்தது அந்தச் சொல்லால்.

அவர் வருவதற்கு முன்னால், வைத்தியம் நடந்த நாட்களில், நிறம் இறங்க இறங்க ஒருநாள் காலையில் மாமியார் என்னைக் கூப்பிட்டார். இங்கிட்டு வந்து பாரு, சரியாப் போச்சா என்றார். வெயிலில் அக்கா உட்கார்ந்திருந்தாள். ஈரக் களிமண் மாதிரிக் கறுப்பு. மூக்கின் ஓரம் சின்னதாக ஓர் அம்மைத் தழும்பு. ஒரே வீட்டில் ஒரே அடுப்பில் மூன்று வருஷம் இருந்திருக்கிறோம். அந்த முகத்தை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.