ஏரிக்குள் கிடந்த எண்

லொரெட்டா பஸின்ஸ்கிக்கு வேகமாக வண்டி ஓட்டுவதில் ஆசையே கிடையாது. ஆனால் எங்கள் ஃபிளின்ட் வட்டாரத்தில் பெரிய எஞ்சின் பூட்டிய பழைய ‘மசில் கார்’ ஒன்று அசலா, ஒட்டுப்போட்டதா என்று சந்தேகம் வந்தால் அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

பதினெட்டு வயதில் கார் தொழிற்சாலையின் சீட் பிரிவில் சேர்ந்தவள். ஸ்பிரிங் மேல் உறையை இழுத்துப் பிடித்து, இடுக்கியால் கம்பி வளையம் மாட்டும் வேலை. இருபத்தாறு வருடம் அதைச் செய்தாள். பிறகு ஒருநாள் பூங்காவில் நடந்த கார் கண்காட்சியில், தன் வண்டியில் எல்லாமே அசல் என்று பீற்றிக்கொண்டிருந்த ஓர் ஆளிடம் போய், “தம்பி, பின் சீட்டு வளையமெல்லாம் அளந்து வச்ச மாதிரி இருக்கு. நாங்க இப்படிப் போட்டதே இல்ல. அதுக்கெல்லாம் எங்களுக்கு யாரு நேரம் குடுத்தா?” என்றாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அடுத்த வாரமே, தங்கள் வண்டியையும் பார்த்துச் சொல்லும்படி இரண்டு பேர் அவள் வீட்டுக் கதவைத் தட்டினார்கள்.

அப்படித் தொடங்கியது. மீதியை அவள் கேட்டுக் கேட்டே கற்றாள். கூட வேலை பார்த்தவர்களுக்கெல்லாம் போன் போடுவாள். “எஞ்சின் நம்பர் அடிச்சது யாரு? இடக்கையா, வலக்கையா?” எதிர்முனையில் அலுத்துக்கொள்வார்கள். அவள் விடமாட்டாள்.

2011 கோடையில் மெர்ல் ஹாட்ச்கிஸ் கூப்பிட்டார். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். அவருடைய கொட்டகையில் 1970ஆம் வருட வண்டி ஒன்று பாதி பிரித்த நிலையில் கிடந்தது. அண்ணன் வெண்டெல் புதிதாக வாங்கி, அரிசோனாவுக்குக் குடிபோகும்போது தம்பிக்கு விட்டுப்போனது. ஓஹையோக்காரர் ஒருவர் பெரிய விலை கேட்டிருந்தார். வண்டி பிறந்தபோது பூட்டிய எஞ்சின்தான் இப்போதும் இருக்கிறது என்று எழுத்தில் வேண்டும், அவ்வளவுதான்.

லொரெட்டா முதலில் பின் சீட்டைக் கழற்றினாள். ஸ்பிரிங்கில் சொருகிய தாள் ஒன்று, எலி கடித்தது போக, மிச்சம் இருந்தது. எந்த வண்டிக்கு என்னென்ன பூட்ட வேண்டும் என்று தொழிற்சாலையில் அச்சிட்ட தாள். பெரிய எஞ்சின், நாலு கியர் என்று அதில் தெளிவாக இருந்தது. மெர்ல் முகம் மலர்ந்தது.

பிறகு எஞ்சின் முன்னால் டார்ச்சோடு குனிந்தாள். எண் பொறித்த இடத்தை வெகுநேரம் பார்த்தாள்.

“எட்டு எண்ணும் வண்டி நம்பரோட சரியா ஒத்துப்போகுது. ஆனா இது ஃபேக்டரியில அடிச்சதில்ல மெர்ல்.”

“என்ன சொல்றீங்க?”

“ஃபேக்டரியில இந்த இடத்தச் சீவும்போது மயிரிழை மாதிரி கோடு விழும். இங்க வழவழன்னு இருக்கு. யாரோ பழைய நம்பரத் தேச்சு எடுத்துட்டு இத அடிச்சிருக்காங்க.”

மெர்லுக்குக் கோபம் வந்துவிட்டது. “எங்க வீட்டத் தாண்டி வெளிய போகாத வண்டிங்க இது! திருட்டு நம்பர் அடிக்கிறவன் விக்கிறதுக்குத்தான அடிப்பான்? நாங்க யாருக்கு வித்தோம்?”

“அதத்தான் நானும் யோசிக்கிறேன்,” என்றாள் லொரெட்டா. போலி என்று எழுதிக் கொடுத்துவிட்டு அவள் கிளம்பியிருக்கலாம். “உங்க அண்ணனுக்குப் போன் போடுங்களேன்.”

மெர்ல் போனை ஸ்பீக்கரில் வைத்தார். விஷயத்தைக் கேட்டதும் வெண்டெல் சிரித்தார்.

“நாப்பது வருஷம் கழிச்சு மாட்டுனேன் பாரு. எழுபத்து மூணு இலையுதிர் காலத்துல ரோட்டுல ரேஸ் விட்டேன்டா. எஞ்சின் வெடிச்சு, உள்ள இருந்த ராடு எஞ்சின் கூட்டப் பக்கவாட்டுல பொத்துக்கிட்டு வந்துருச்சு. அடிபட்ட வண்டியிலிருந்து அதே எஞ்சின் ஒண்ணு வாங்கி மாட்டுனேன்.”

“நம்பர் எதுக்கு அடிச்ச?” என்றார் மெர்ல்.

“வண்டி வாங்குன கடன் பத்திரத்துல கையெழுத்துப் போட்டது அப்பா. பானெட்டத் திறந்தா மொதல்ல நம்பரத்தான் பாப்பாரு. தெரிஞ்சிருந்தா உரிச்சிருக்க மாட்டாரு?”

“ஓட்டை விழுந்த அந்தக் கூடு, பழைய பிளாக், என்ன ஆச்சு?” லொரெட்டா குறுக்கே புகுந்தாள்.

“கொட்டகைக்குப் பின்னாடி தார்ப்பாய் போட்டு மறைச்சு வச்சேம்மா. பனி உருகினப்புறம் பாத்தா காணோம். பழைய இரும்புக்காரன் தூக்கிட்டான்னு நெனச்சேன்.”

மெர்ல் மெல்ல ஒரு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார்.

“இரும்புக்காரன் இல்லண்ணே,” என்றார். “பனி உருகுன அந்த வருஷம்தான், ஹூட்டன் ஏரியில நம்ம படகக் கட்ட கனமா ஒண்ணு வேணும்னு அப்பா என்னையக் கூப்பிட்டாரு. ஒரு எஞ்சின் பிளாக்க நானும் அவருமாத்தான் தூக்கி, சங்கிலி போட்டு எறக்குனோம். எங்க கெடந்துச்சுன்னு நான் கேக்கவே இல்ல.”

வெண்டெல், “அப்போ கெழவனுக்குத் தெரியுமாடா?” என்றார்.

அடுத்த சனிக்கிழமை மூவரும் ஏரிக்கரையில் நின்றார்கள். விடிவதற்குள் விமானம் ஏறி வந்த வெண்டெலுக்கு எழுபதை நெருங்கும் வயது. கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு அவரே தண்ணீரில் இறங்கினார். கரையோரத்து வீட்டு டிராக்டர் சங்கிலியை இழுக்க, சிப்பி ஒட்டி, துருவேறி, பக்கவாட்டில் கையளவு ஓட்டையோடு பிளாக் கரையேறியது.

லொரெட்டா மண்டியிட்டுத் துரு சுரண்டினாள். முன்பக்கம் ஓரிடத்தில் மட்டும் கறுப்பாக, கெட்டியாக ஏதோ அப்பியிருந்தது. கூரைக்குப் பூசும் தார். உள்ளங்கை அகலத்துக்கு மட்டும்தான், வேறெங்கும் இல்லை.

“நங்கூரத்துக்கு யாராவது தார் பூசுவாங்களா?” என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். பிறகு கத்தியால் அதை மெல்ல உரித்தாள்.

உள்ளே, துரு படாமல் காத்துவைத்தது போல, எண் இருந்தது. ஒரு ஓரத்தில் தார் கழன்று துரு தின்றிருந்ததால் கடைசி இரண்டு எண்கள் போய்விட்டன. மற்ற ஆறும் வண்டியின் எண்ணோடு பொருந்தின. அடியில் மயிரிழைக் கோடுகளும் இருந்தன. வெண்டெல் எதையும் பார்க்காமல் ஏரிப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

லொரெட்டா கண்டதை மட்டுமே எழுதினாள்: இப்போதுள்ள எஞ்சினின் எண் தொழிற்சாலையில் அடித்ததல்ல, பிறந்தபோது இருந்த பிளாக் உடைந்த நிலையில் உள்ளது, எட்டில் ஆறு எண்களைப் படிக்க முடிந்தது. மீதி இரண்டையும் சேர்த்து எழுதினால் என்ன என்று ஓஹையோக்காரர் போனில் கேட்டார். “நான் பாக்காதத எப்படிங்க எழுதறது?” என்றாள். அவர் விலகிக்கொண்டார். இலையுதிர் காலத்தில் கலமஸூ ஊர்ப் பெண் ஒருத்தி, முதலில் கேட்டதைவிடக் குறைந்த விலைக்கு, ஏரியில் எடுத்த பிளாக்கையும் சேர்த்து வண்டியை வாங்கிப் போனாள்.

லாரி வண்டியை ஏற்றிப்போன அன்று லொரெட்டாவும் வந்திருந்தாள். அவளுக்கு இன்னும் ஒரு கேள்வி மிச்சம்.

“அன்னிக்கு ஏரியில எறக்கும்போது உங்க அப்பா ஏதாவது சொன்னாரா?”

மெர்ல் யோசித்தார். “பெருசா ஒண்ணுமில்ல. ‘உங்கண்ணன் படகு எடுக்க வந்தான்னா, இத ஒரு தடவ தூக்கிப் பாக்கச் சொல்லு, நல்ல கனம்’னாரு. நான் சொல்ல மறந்துட்டேன்.”