திருப்பி எடுத்த அழைப்பு

தவராசா அண்ணை காலமாகிவிட்டார் என்ற செய்தி வந்தபோது, அரசு உதவிப்பணம் தரும் பெனிபிட் அலுவலகத்தின் தொலைபேசி வரிசையில் காத்திருந்தேன். காதில் அவர்கள் போடும் இசை, திரையில் அவருடைய மகளின் குறுஞ்செய்தி. அழைப்பை வைக்கவும் பயம், வாய்விட்டு அழவும் பயம்.

லண்டன் எட்மண்டனில் அவரைத் தெரிந்த உங்களுக்கு, அவர் பெற்றோல் நிலையத்தில் பகிடி விட்டு எல்லோரையும் சிரிக்கவைத்தபடி நிற்கும் மனிதர். எனக்கு, என் வீட்டுக் குசினியில் தொலைபேசியோடு பயந்து நின்றவர்.

என் கணவர் இறந்து, மூத்தவள் கல்லூரியில் சேர்ந்த வருடம் அது. பதினாறு வயதுக்குப் பிறகும் பிள்ளை படிக்கிறாள் என்று அறிவித்தால்தான் அவளுக்கான பெனிபிட் தொடரும். அவளோ சனிக்கிழமைகளில் ஒரு பேக்கரியில் வேலை செய்தாள். அந்தச் சின்னச் சம்பளம் தெரிந்தால் எல்லாவற்றையும் நிறுத்தி வழக்கும் போடுவார்கள் என்று ஒரு பிறந்தநாள் விழாவில் யாரோ சொல்லிவிட்டார்கள். அதன் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. வாடகை கட்டமுடியாமல் வீட்டை விட்டு எழுப்பிவிட்டால் இரண்டு பிள்ளைகளோடு எங்கே போவேன்?

என் ஆங்கிலம் போதாது என்று அண்ணைதான் எனக்காகப் பேசினார். பிள்ளை வேலை செய்கிறாளா என்று அலுவலர் கேட்டதும், சட்டென்று "நோ" என்றார். ஊரில் போர்க்காலச் சோதனைச் சாவடிகளில் எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லியே உயிர் தப்பிய வாய் அது. எங்கள் எல்லோருக்கும் அந்த வாய்தான்.

தொலைபேசியை வைத்த பிறகு அவர் முகம் வெளிறிவிட்டது.

"தங்கச்சி, பொய் சொல்லிப்போட்டன். திருப்பிக் கோல் எடுக்கப்போறன்."

"ஐயோ வேண்டாம் அண்ணை, பிடிச்சுப்போடுவாங்கள்!"

"எனக்கும் பயம்தான். ஆனா இப்ப விட்டா ஒவ்வொரு நாளும் பயப்பிடோணும்."

மறுபடியும் அதே இசை. பயத்தில் பிழையாகச் சொல்லிவிட்டேன், அவள் வேலை செய்கிறாள் என்று சொன்னார். படிக்கிற பிள்ளையின் சம்பளத்தை உங்கள் பெனிபிட்டில் கணக்குப் பார்ப்பதில்லை என்றாள் மறுமுனையில் இருந்தவள். அண்ணை கதிரையில் விழுந்து உட்கார்ந்தார்.

"தேத்தண்ணி போடு பிள்ளை. சீனி கூடப் போடு."

அண்ணையின் செய்தி வந்த அன்று நான் வரிசையில் காத்திருந்தது இளையவனுக்காக. அவனும் கடையொன்றில் பகுதிநேர வேலை செய்கிறான். அதே கேள்வி வந்தது, அதே "நோ" நாக்கு நுனிவரை வந்தது. "யெஸ்" என்றேன். பயந்துகொண்டே உண்மை சொல்வதைத்தான் அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

குரல் உடைந்ததால், நலமாக இருக்கிறீர்களா என்று அலுவலர் கேட்டார். இல்லை, என் அண்ணை இறந்துவிட்டார் என்றேன். அவர் போனதை நான் முதன்முதலில் சொன்னது அந்த முகம் தெரியாத மனிதரிடம்தான்.