அக்காவுக்குப் பல்கலைக்கழகம் பார்க்கப் போன நாள்

அக்கா நான்காம் படிவத்தில் இருந்த வருடம் அப்பாவுக்கு ஓர் அவசரம் பிடித்துக்கொண்டது. அதுவரை எதற்கும் அவசரப்படாத மனிதர் அவர். கோலா சாவாவுக்கு உள்ளே, ஒரு செம்பனைத் தோட்டத்தில் குலை ஏற்றும் லோரி ஓட்டிக்கொண்டிருந்தார். ஆலை வாசலில் தன் முறை வரும்வரை ஸ்டியரிங்கில் தலை சாய்த்து நிம்மதியாகத் தூங்கக்கூடியவர். வீட்டுக் கூரை ஒழுகினால், மழை நிற்கட்டும் பார்க்கலாம் என்பார். மழை நின்றபின் கேட்டால், இப்போதுதான் ஒழுகவில்லையே என்பார். அப்படிப்பட்டவர், ஐந்தாம் படிவ முடிவில் அக்கா எஸ்.பி.எம். பரீட்சை எழுத இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் இருக்கும்போதே அவளுடைய மேற்படிப்பைப் பற்றிக் கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் விசாரிக்கத் தொடங்கினார்.

தோட்ட அலுவலகக் கிராணியின் மகன் பல்கலைக்கழகத்திலிருந்து தீபாவளி விடுமுறைக்கு வந்தபோது, பாவம், மோட்டார் சைக்கிளை விட்டு இறங்கக்கூட விடாமல் நிறுத்தி வைத்துப் பேசினார். கோயிலில் அர்ச்சனைத் தட்டோடு நின்ற ஓர் ஆசிரியையாலும் தப்பிக்க முடியவில்லை. ஒருநாள் அக்காவின் பள்ளி வாசலிலேயே லோரியை நிறுத்திவிட்டு, சேறு படிந்த பூட்சோடு ஆலோசனை ஆசிரியரின் அறைக்குப் போய் உட்கார்ந்துவிட்டார். அக்காவுக்கு வெட்கத்தில் உயிர் போனது. ஆனால் அப்பா அன்று திரும்பி வரும்போது எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துகொண்டு வந்தார். நான்காம் படிவத்தில் கணக்கையும் பௌதிகத்தையும் விடக்கூடாது. புறப்பாட நடவடிக்கைக்கும் புள்ளி உண்டு. அடுத்த வருடத்துக்குள் பல்கலைக்கழகங்களை நேரில் போய்ப் பார்த்துவிட வேண்டும். பிறகு எஸ்.பி.எம்., பிறகு மெட்ரிகுலேஷன் எனும் புகுமுக வகுப்பு, பிறகு பல்கலைக்கழகம். சிரம்பானிலிருந்து கோலாலம்பூருக்குப் போகும் ரயில் நிற்குமிடங்களைச் சொல்வதுபோல வரிசை பிசகாமல் சொல்வார். கேட்டுக் கேட்டு எனக்கும் பாடமாகிவிட்டது. தமிழ்ப்பள்ளியில் கயிறு தாண்டும்போது நான் அதையே பாட்டாகப் பாடினேன்.

புள்ளிக்காக அக்காவை முதலுதவிப் படையில் சேரச் சொன்னார். அவளுக்கு வெயிலே ஆகாது. முதல் அணிவகுப்பிலேயே மயங்கி விழுந்தாள். மற்ற பிள்ளைகள் முதலுதவி கற்றுக்கொள்ள அது உதவியது.

அக்காவுக்கு நில அளவை படிக்க வேண்டும் என்று ஆசை. அந்த வருடம் தோட்டத்தின் ஒரு பகுதியை வீடமைப்புக்காக அளக்க வந்தார்கள். லயத்து வரிசை வீடுகளில் எல்லாரும் கலங்கிப்போய் நின்றபோது, அக்கா மட்டும் முக்காலியின் மேல் வைத்திருந்த கருவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதை இயக்கியவள் ஓர் இளம்பெண். அவள் அக்காவைக் கூப்பிட்டு ஒரு கண்ணை மூடிப் பார்க்கச் சொன்னாள். அன்று முழுக்க அக்கா அதையே பேசினாள்.

“இன்னிக்கு யாரோ நம்ம தோட்டத்த அளக்கறாங்க. நாளைக்கு ஏம்மவ ஊரையே அளப்பா,” என்றார் அப்பா.

அம்மாவுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லாமல் இல்லை, பொழுதுதான் இல்லை. போர்டிக்சனில் ஒரு ஹோட்டலில் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலை. விடியும்போதே வேன் வந்துவிடும். “ஃபோம் ஃபோர்தானே படிக்கிறா, இப்பவே என்ன அவசரம் லா?” என்று கேட்டுக்கொண்டே தலையைப் பின்னிக்கொள்வாள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அக்கா போய்விடுவாள் என்பது மட்டும்தான் எனக்குப் புரிந்தது. நானும் அவளும் ஒரே மெத்தையில் படுப்பவர்கள். அவளுடைய கால் என்மேல் விழாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. ஆகவே அவளுக்குக் கணக்கில் புள்ளி குறைய வேண்டும் என்று பிள்ளையாரிடம் ரகசியமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அப்பா அந்த நாட்களில் மெலிந்துகொண்டு வந்தார். சாப்பாடு இறங்கவில்லை. தோட்டத்து மருந்தகத்தில் பார்த்துவிட்டு, சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். அம்மாவுக்கு லீவு கிடைக்கவில்லை. பள்ளி விடுமுறை என்பதால் அக்கா துணைக்குப் போனாள். திரும்பி வந்து, “அல்சராம், மருந்து குடுத்திருக்காங்க. சரியாயிடுமாம்,” என்று அம்மாவிடம் சொன்னாள். அம்மா அன்றிலிருந்து குழம்பில் மிளகாயைக் குறைத்தாள். அப்பா தட்டில் மிச்சம் வைப்பது எனக்கு வரும். அது என்மேல் உள்ள பாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குச் சில வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, தெற்கே நெடுந்தூரத்தில் இருந்த ஒரு பல்கலைக்கழகத்தில் பள்ளி மாணவர்கள் வந்து பார்க்கலாம் என்று அறிவித்திருந்தார்கள். அப்பா மாமாவின் காரைக் கேட்டு வாங்கினார். அம்மாவும் லீவு சொல்லிவிட்டு வந்தாள். நால்வரும் கிளம்பினோம். அப்பா தைப்பூசத்துக்கு எடுத்த சட்டையைப் போட்டிருந்தார். கழுத்துப் பக்கம் இன்னொருவர் நுழையலாம்போல் தொளதொளவென்று இருந்தது. நெடுஞ்சாலையில் ஓய்வெடுக்கும் இடம் எது வந்தாலும் நிறுத்தினார். நிறுத்தியதும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொள்வார். “என்னா, இன்னிக்கு இப்படித் தூங்கறீங்க,” என்று அம்மா சிரித்தாள்.

போய்ச் சேர்ந்த இடம் ஒரு டவுன் போல இருந்தது. ஏரி, பஸ், பெரிய பெரிய மரங்கள். மண்டபத்துக்குள் ஒவ்வொரு துறைக்கும் ஒரு மேசை போட்டிருந்தார்கள். நில அளவை மேசையில் அதே முக்காலிக் கருவி இருந்தது. அக்கா ஓடியே போய்விட்டாள். மேசைக்குப் பின்னால் ஒரு மலாய்ப் பெண்மணி. எந்தப் படிவம் என்று கேட்டு, நான்கு என்று அறிந்ததும், “அவால் லாகி!” என்றார் வியப்போடு. இன்னும் எவ்வளவோ நேரம் இருக்கிறதே என்று அர்த்தம்.

அப்பா மலாயிலேயே பதில் சொன்னார். சீக்கிரம் வந்தால் தப்பில்லை, தாமதமானால்தான் கஷ்டம் என்றார். பிறகு வரிசையாகக் கேட்கத் தொடங்கினார். விடுதியில் எத்தனை பிள்ளைகள் ஓர் அறையில் இருப்பார்கள்? சைவச் சாப்பாடு கிடைக்குமா? காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பார்கள்? தமிழ்ப் பிள்ளைகள் இருக்கிறார்களா? அந்தப் பெண்மணி பொறுமையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். அக்கா கருவியில் கண்ணை வைத்து ஏரிக்கரையை நோக்கிக்கொண்டிருந்தாள். நான் மேசையிலிருந்த மிட்டாய்களைக் கையில் அள்ளினேன். அம்மா என் கையில் அடித்தாள்.

கடைசியாக அப்பா கேட்டார். பிள்ளையைச் சேர்க்கும்போது அப்பாதான் வந்து கையெழுத்துப் போட வேண்டுமா, அம்மா ஒருத்தி வந்தால் போதுமா?

போதும் என்றார் அந்தப் பெண்மணி. அப்பா வந்தாலும் சரி, அம்மா வந்தாலும் சரி.

“பாகுஸ்,” என்றார் அப்பா. நல்லது.

அக்கா கருவியிலிருந்து கண்ணை எடுத்தாள். அப்பாவைப் பார்த்தாள். பிறகு விறுவிறுவென்று வெளியே நடந்தாள்.

கார் நிறுத்தியிருந்த மரத்தடியில்தான் அவளைப் பிடித்தோம்.

“எனக்கு இந்தப் படிப்பு வேணாம்ப்பா.”

“காலைல வரைக்கும் வேணும்னியே?”

“இப்ப வேணாம். ரொம்ப தூரம். சிரம்பான்லயே ஃபோம் சிக்ஸ் படிச்சிக்கிறேன். வீட்லேர்ந்து பஸ்ல போயிட்டு வருவேன்.”

அம்மாவுக்கு வந்ததே கோபம். “ஊர்ல காடி கேட்டு வாங்கி, லீவு போட்டு, ஒடம்பு முடியாத மனுசன் இவ்ளோ தூரம் ஓட்டிட்டு வந்திருக்காரு. வெளையாட்டா இருக்கா ஒனக்கு?”

“விடு,” என்றார் அப்பா. “புள்ளைக்குப் பசி. மொதல்ல சாப்பிடுவோம்.”

காரின் பின்பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, அம்மா கட்டி வந்த நாசி லெமாக்கைச் சாப்பிட்டோம். அக்கா பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. அன்று எனக்கு இரண்டு பேர் பங்கு வந்தது. பிள்ளையார் என் பேச்சைக் கேட்டுவிட்டார் என்று எனக்கு ஒரே பூரிப்பு.

அப்பா அதன்பிறகும் விட்டுவிடவில்லை. அடுத்த வாரமே ஆலோசனை ஆசிரியரை மறுபடி போய்ப் பார்த்தார். பிறகு லோரி ஓட்ட முடியாமல் போயிற்று. பிறகு கட்டிலிலிருந்து எழ முடியாமல் போயிற்று. அப்போதும் மெட்ரிகுலேஷனுக்கு எப்போது விண்ணப்பம் திறப்பார்கள் என்று வருகிறவர்களிடம் கேட்டார். அக்கா எஸ்.பி.எம். எழுதுவதற்கு முன்பே இறந்துபோனார். அவள் பரீட்சை எழுதினாள், நல்ல புள்ளிகள்தான். மெட்ரிகுலேஷனுக்கு இடமும் கிடைத்தது. போகவில்லை. சிரம்பானில் ஆறாம் படிவத்தைத் தொடங்கினாள். அம்மாவுக்கு முழங்கால் தேய்ந்து ஹோட்டல் வேலை நின்றதும் அதையும் விட்டுவிட்டு செனாவாங்கில் ஒரு தொழிற்சாலைக்குப் போனாள். தோட்டத்தில் வீடுகள் எழும்பின. நாங்கள் டவுனில் ஓர் அடுக்குமாடிக்குக் குடி வந்தோம்.

படித்தது நான். எனக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தபோது அக்காதான் காரில் கொண்டுபோய் விட்டாள். வழியில் அவளாகவே சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் அன்று மருத்துவர், நோயாளி பயந்துவிடக் கூடாதென்று, அக்காவிடம் ஆங்கிலத்தில் பேசியிருக்கிறார். வயிற்றில் இருப்பது என்ன, எதுவரை பரவியிருக்கிறது, இனி என்ன செய்ய முடியும், என்ன செய்ய முடியாது, எல்லாவற்றையும். அடுத்த முறை அம்மாவை அழைத்து வரச் சொல்லியிருக்கிறார். பதினாறு வயதுப் பெண் அதை அப்பாவுக்குத் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. அல்சர் என்று சொன்னாள். அப்பா, “அப்படியா, சரிம்மா,” என்று மட்டும் சொன்னார். பஸ்ஸில் வரும்போது நோயைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லையாம். தெற்கே இருக்கும் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு எப்போது போகலாம் என்றுதான் கேட்டாராம்.

“அவருக்குத் தெரியாதுன்னே நெனச்சிக்கிட்டிருந்தேன் லா,” என்றாள் அக்கா. “சின்ன வயசுலேர்ந்து தொரைங்களோட இங்கிலீஷ் கேட்டு வளந்தவரு. எல்லாம் வெளங்கிருக்கு. நான் சொன்ன பொய்ய அப்படியே வாங்கி வச்சிக்கிட்டாரு. அந்த மேசைல அம்மா கையெழுத்து போதுமான்னு கேட்டாரு பாரு, அப்பதான் எனக்குத் தெரிஞ்சுது. அதுக்கப்புறம் அங்க நிக்க முடியல.”

கொஞ்சதூரம் போனபின் மறுபடி சொன்னாள். “வேணாம்னு சொல்லாம இருந்திருக்கலாம். அன்னிக்கு ஒரு நாளாச்சும் சந்தோசமா வீட்டுக்கு வந்திருப்பாரு.”

அன்று தெற்கேயிருந்து திரும்பி வந்த வழி என் கண்முன் வந்துவிட்டது.

நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, தோட்டத்துப் பாதைக்கு வந்திருந்தோம். இரண்டு பக்கமும் செம்பனை. பின்னிருக்கையில் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். “அக்காவுக்கு வாந்தி வருது, நிறுத்துங்க!” என்று கத்தினேன். அப்பா ஓரமாக நிறுத்தினார். அக்கா இறங்கினாள், அப்பாவும் இறங்கினார். இருவரும் ஒரு மரத்தடிக்குப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். அப்பாவின் கை அக்காவின் தலைமேல் இருந்தது. அக்கா வாந்தி எடுக்கவில்லை. அவர்கள் பேசிக்கொண்டதாகவும் தெரியவில்லை. “இவ்ளோ நேரம் என்னா பண்றாங்க?” என்றாள் அம்மா.

எனக்கு வீட்டுக்குப் போக வேண்டும். அக்கா எங்கும் போகமாட்டாள் என்று பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் சொல்ல வேண்டும். முன்னிருக்கைக்கு எக்கி ஹாரனை அழுத்தினேன். விடாமல் அழுத்தினேன். இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒருவரைப் போலவே மற்றவரும், என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் கையை ஆட்டிக்கொண்டே சிரித்தேன்.