மீன் மணத்த மருந்து

நேற்று மழையோடு மின்சாரம் போனதும் என் மனைவி முதலில் ஓடியது ஃபிரிட்ஜுக்குத்தான். அதற்குள் அவளுடைய சீனி வருத்தத்துக்கான இன்சுலின் ஊசி மருந்து இருந்தது. அதைக் குளிரில் வைக்க, மீன் ஏற்றும் பழைய றெஜிபோம் பெட்டியை, அதுதான் அந்த வெள்ளைத் தெர்மோகோல் பெட்டியை, நான் கழுவினேன். எத்தனை தரம் கழுவினாலும் போகாத அந்த மீன் மணம் மூக்கில் ஏறியதும் பழைய புயல் நினைவுக்கு வந்துவிட்டது.

பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். அரைகுறைப் படிப்போடு தலையில் ஐஸ் கட்டி சுமந்து, திருகோணமலைக் கரையில் சொந்த ஐஸ் ஆலை போட்டவன் நான். படித்தவர்களும் என்னை முதலாளி என்றுதான் கூப்பிடுவார்கள்.

அந்தப் புயலில் ஊரே இருட்டு. ரோட்டெல்லாம் வெள்ளம், மருந்து லொறி வரவில்லை. என் ஜெனரேட்டர் மட்டும் ஓடியது. பின் தெருவில் குடியிருந்த கிண்ணியாக்காரி பௌசியா நனைந்துகொண்டு வந்தாள்.

"முதலாளி, பிள்ளைக்கு இந்த மருந்து ஒண்டுதான் இருக்கு. சூடானாப் பழுதாப்போயிடும்."

"தாங்கோ. ஐஸில முட்டவும் கூடாது. என்ட மனிசிக்கும் இதுதானே."

துணி சுற்றிச் சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்து, அதை இதே மீன் பெட்டியில் ஐஸுக்கு மேலே வைத்தேன். கதை பரவியது. அன்புவழிபுரத்துத் தமிழாட்கள், மாதா கோயில் ஃபாதர், கரையோரச் சிங்களக் குடும்பங்கள் என்று எல்லோரும் குப்பிகளோடு வந்தார்கள். டீசல் முடியப் போவது எனக்கு மட்டும்தான் தெரியும். வெளியே முதலாளியாக நின்றுகொண்டு, மறைவில் டீசல் டாங்கிக்குள் குச்சி விட்டு அளந்துகொண்டிருந்தேன். பௌசியா வாசலை விட்டுப் போகவில்லை.

"ஐஸ் உருகுதா?"

"இல்லைப் பிள்ளை, போய்ப் படுங்கோ."

உருகிக்கொண்டுதான் இருந்தது.

அப்போதுதான் சுனில் டீசல் பீப்பாயை உருட்டிக்கொண்டு வந்தான். பக்கத்து ஐஸ் ஆலைக்காரன். வள்ளம் கட்டும் இடத்துக்காகச் சண்டை பிடித்து நாங்கள் கதைப்பதையே விட்டிருந்தோம். அவனுடைய ஜெனரேட்டர் வெள்ளத்தில் மூழ்கியிருந்தது.

"முதலாளிட ஐஸ் எப்பவும் பாதித் தண்ணி. மருந்தையாவது ஒழுங்கா வையுங்க," என்றவன், சட்டைப் பையிலிருந்து தன் அம்மாவின் மருந்தை எடுத்து நீட்டினான்.

மின்சாரம் வந்ததும் அவரவர் தங்கள் மருந்தைக் கொண்டுபோனார்கள். பௌசியாவின் மகள் குப்பியை முகர்ந்து, "உம்மா, மீன் மணக்குது," என்றாள். பௌசியா சிரித்துக்கொண்டே அழுதாள்.

பிறகு பழைய சண்டை திரும்பியது. சுனில் மதிலை உயர்த்தினான். நேற்று அவன் ஜெனரேட்டர் மதிலுக்கு அப்பால் உறுமியது. பின் தெருவிலும் வீட்டுக்கு வீடு அதே ஜெனரேட்டர் சத்தம். நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆரைப் பாத்துக்கொண்டு நிக்கிறியள்? மருந்தை வையுங்கோ," என்றாள் மனைவி.

வைத்தேன். அதே சாப்பாட்டுப் பெட்டிதான். புயலன்று அதில் துணி நுழைக்கவும் இடமிருக்கவில்லை. நேற்று தூக்கும்போது ஒற்றைக் குப்பி அங்குமிங்கும் உருண்டு சத்தம் போட்டது.