வான்மதி அக்காவிடம் சொன்ன காரணம்

“ஏங்கண்ணு, அடுத்த வெள்ளிக்கிழமை லீவு போட முடியுமா?” ஹூஸ்டனிலிருந்து வான்மதி இப்படித்தான் பேச்சை ஆரம்பித்தாள். பித்தப்பையில் கல்லாம். காலையில் ஆபரேஷன், சாயங்காலமே அனுப்பிவிடுவார்கள்.

“கூட்டிட்டுப் போக ஆள் வந்து கையெழுத்துப் போடணுமாம். ஊபர்ல போயிக்கிறேன்னா ஒத்துக்க மாட்டேங்குறாங்க. ஒரு கல்லைக்கூடத் தனியா எடுத்துக்க முடியாத ஊரு, பாரு.”

நியூஜெர்சியில் இருந்த தென்றல் சிரித்தாள். சிரித்த வாயோடு சொன்னாள்: “ஐயோ அக்கா, என் விசா ஸ்டாம்ப் எக்ஸ்பயர் ஆயிடுச்சே. ஃபிளைட் ஏறினா ரிஸ்க்காச்சே.”



“அப்படியா? சரி கண்ணு, ரிஸ்க் எடுக்காதே. நான் பாத்துக்கறேன்.”

போனை வைத்த பிறகுதான், இந்தப் பொய்யை யாரிடம் சொன்னோம் என்பது தென்றலுக்கு உறைத்தது.

வான்மதி தாராபுரத்துக்காரி. அவள் ஹூஸ்டனுக்கு மாறும்வரை, நியூஜெர்சியின் பிளெய்ன்ஸ்பரோவில் இருவரும் நான்கு வருஷம் ஒரே வீட்டில் இருந்தார்கள். மருந்துக் கம்பெனியில் வேலை என்றாலும், அந்த அப்பார்ட்மெண்டில் அவள் பெயர் எடுத்தது காகிதங்களால்தான். யாருக்கு விசா நீட்டிப்பு வந்தாலும் அப்ரூவல் பேப்பரை இரண்டு பிரதி எடுக்கச் சொல்வாள். ஒன்று கைப்பைக்கு, ஒன்று துவரம்பருப்பு டப்பாவுக்குப் பின்னால். தென்றலின் ஸ்டாம்ப் முடிந்த புதிதில், ஒரு கல்யாணத்துக்காக சிகாகோ போக அவள் நடுங்கியபோது, நெவார்க் ஏர்போர்ட்டில் கொண்டுவிட்டதும் வான்மதிதான்.

“ஸ்டாம்ப் வெளிய இருந்து உள்ள வர்றதுக்கு, கண்ணு. உள்ளேயே சுத்தறவளை எவன் கேப்பான்? லைசென்ஸைக் காட்டு, அப்ரூவல் பேப்பர் பையில இருக்கட்டும். நிமிந்து போ.”

கேட்டுக்குப் போய்விட்டேன் என்று மெசேஜ் வரும்வரை அவள் காரைக் கிளப்பவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை தென்றலுக்குக் கலிபோர்னியா டிக்கெட் இருந்தது. லிவர்மோரில் சித்தி மகள் சண்முகப்ரியாவுக்கு வளைகாப்பு. அதைச் சொல்லியிருந்தால் வான்மதி கோபப்பட்டிருக்க மாட்டாள். ‘சரி, ஆபரேஷனைத் தள்ளி வைக்கிறேன், அடுத்த வாரம் வா’ என்றிருப்பாள். அந்த அடுத்த வாரத்திலிருந்து தப்பிக்கத்தான் ஸ்டாம்ப்.

திரும்பக் கூப்பிட மூன்று முறை போனை எடுத்தாள். கூப்பிடவில்லை. வெள்ளிக்கிழமை ஏர்போர்ட் அதிகாரி லைசென்ஸையும் முகத்தையும் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார். விசாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

ஆபரேஷன் மூன்று வாரம் தள்ளிப்போனது. அத்தனை நாளும் வலியோடு வேலைக்குப் போனாள் வான்மதி. கடைசியில் கையெழுத்துப் போட்டது, ஹில்கிராஃப்ட் சாலை மளிகைக்கடைப் பர்வதம் ஆன்ட்டி. “கறிவேப்பிலை வாங்கப் போனேன், கூடவே ஒரு ஆன்ட்டியும் கிடைச்சாங்க” என்று பிறகு போனில் வான்மதி சொல்லிச் சிரித்தாள். ஸ்டாம்ப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஜனவரியில் அவளிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது.

“கண்ணு, எங்க ஆபீஸ்ல விஷாகான்னு ஒரு பொண்ணு. ஸ்டாம்ப் எக்ஸ்பயர் ஆயிடுச்சுன்னு சியாட்டில் போகப் பயப்படுது. நான் சொன்னா நம்ப மாட்டேங்குது. நீ போயிட்டு வந்தவதானே, கொஞ்சம் எடுத்துச் சொல்றியா?”