மருதமுனையில் பாதி விலைக்கு ஒரு கமரா

கடந்த நோன்புக்கு மூன்று வாரங்கள் இருக்கும்போது, ஒரு சனிக்கிழமை, நானும் கணவரும் அக்குறணையிலிருந்து மருதமுனைக்குப் போய் வந்தோம். சுற்றிப் பார்க்கப் போகவில்லை. ஒரு மிரர்லெஸ் கமரா பாதி விலைக்கு விற்பனைக்கு வந்திருந்தது. அது ஏன் பாதி விலைக்கு வந்தது என்பதைக் கண்ணால் பார்க்காமல் ஒரு ரூபாயும் கொடுக்கக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன்.

நான் கல்யாணங்களில் பெண்கள் பக்கத்துப் படம் எடுக்கிறவள். எங்கள் பகுதியில் மணமகள் இருக்கும் அறைக்குள் ஆண் படப்பிடிப்பாளரை விடமாட்டார்கள். அதனால் பதினொரு வருடமாக எனக்கு வேலை குறைந்ததில்லை. கையில் இருப்பது எட்டு வருடப் பழைய டிஎஸ்எல்ஆர். அதற்குள்ளே ஒரு கண்ணாடி இருக்கிறது. ஒவ்வொரு படத்துக்கும் அது எழும்பி விழும், 'டக்' என்று சத்தம் வரும். நிக்காஹ் துஆப் பிரார்த்தனையின் நடுவே அந்தச் சத்தத்துக்கு இரண்டு தடவை முறைப்பு வாங்கியிருக்கிறேன். பெரிய லென்ஸைப் பூட்டினால் இரண்டு கிலோவுக்குக் கிட்ட வரும்; ஐந்து மணித்தியாலம் தூக்கினால் மறுநாள் மணிக்கட்டு என் சொல் கேட்காது. மிரர்லெஸ்ஸில் அந்தக் கண்ணாடி இல்லை. பாரம் குறைவு, சத்தமே இல்லாமலும் எடுக்கலாம், கண்ணைத் தானாகத் தேடி ஃபோகஸ் செய்யும் என்கிறார்கள்.

என்கிறார்கள். அதுதான் பிரச்சினை. யூடியூப்பில் மிரர்லெஸ்ஸைப் புகழ்கிற யாரும் அதைக் காசு கொடுத்து வாங்கியதாக எனக்குத் தோன்றவில்லை.

விளம்பரத்தில் கமராவும் இரண்டு லென்ஸும் இரண்டு லட்சத்து அறுபத்தைந்தாயிரம் என்று இருந்தது. பெட்டி, ரசீது எல்லாம் உண்டாம். விளம்பரம் போட்டிருந்தது ஓர் ஆண். அழைத்தால் பேசியது ஒரு பெண். கமராவின் தொடர் இலக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன், முடியாது என்றாள். முற்பணம் அனுப்பட்டுமா என்று ஆழம் பார்த்தேன். அதுவும் வேண்டாம், வீட்டுக்கு வந்து பார்த்து எடுங்கள் என்றாள். முற்பணம் கேட்டால் ஏமாற்று என்பது எல்லோருக்கும் தெரியும். கொடுத்தும் வேண்டாம் என்றால் அது என்ன? "களவுச் சாமானாத்தான் ஈக்கும்" என்றார் கணவர்.

கண்டியிலிருந்து காலை ஆறு மணி பஸ். மகியங்கனை, அம்பாறை வழியாகக் கல்முனை ஏறத்தாழ இருநூறு கிலோமீட்டர். ஆளுக்கு 940 ரூபாய். வயிறு பிரட்டுகிறவர்கள் பதினெட்டு வளைவு இறக்கத்துக்கு முன்பு எதுவும் சாப்பிட வேண்டாம். முன் இருக்கை கிடைத்தால் விடாதீர்கள். அம்பாறை தாண்டியதும் இரண்டு பக்கமும் வயல். மாரிப்போக நெல் அறுவடை தொடங்கி, பாதி வீதியை நெல் காயப் போட்டு மறித்திருந்தார்கள். எங்கள் பஸ் அந்த இடமெல்லாம் பவ்வியமாக ஒதுங்கிப் போனது. பணம் கணவரின் உள்சட்டைப் பையில். தூங்கினால் எடுத்துவிடுவார்கள் என்று இருவரும் மாறி மாறி விழித்திருந்தோம்.

கல்முனையில் இறங்கும்போது ஒன்று பத்து. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் மீன் ஆணத்தோடு சோறு, ஆளுக்கு 550. நல்ல சோறு. தொழுதுவிட்டு ஓட்டோ பிடித்தோம். மருதமுனை வடக்கே நாலு கிலோமீட்டர். ஐந்நூறு ரூபாய் என்றார்.

"மருதமுனையில ஆர்ர ஊட்ட, நானா?" என்று ஓட்டோக்காரர் கணவரிடம் கேட்டார். எங்கள் ஆட்களிடையே அண்ணன் நானா, அக்கா ராத்தா.

கணவர் விளம்பரத்தில் இருந்த ரிஸ்வி என்ற பெயரைச் சொன்னார்.

"கமராக்கார சிஹானாட புருசனா? அவ இப்ப படம் எடுக்கப் போறல்லயே."

"ஏன்?" என்றேன் பின்னாலிருந்து.

கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "அது பொம்புளயள்ட கத ராத்தா. எங்களுக்கு என்னத்துக்கு?"

கணவர் உள்சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

வீடு பிரதான வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் இருந்தது. பக்கத்து வீட்டில் தறி ஓடும் சத்தம். ரிஸ்வி, சாரன் எனும் லுங்கிகளை விற்கிற வியாபாரி. கணவரை முன் மண்டபத்தில் இருத்தித் தேநீர் கொடுத்தார். என்னை சிஹானா திரைக்கு உள்ளே கூட்டிப் போனாள். முப்பது வயது இருக்கும். கமராவை மேசையில் வைத்துவிட்டு, "நல்லாப் பாருங்க ராத்தா. அவசரமில்ல" என்றாள்.

நன்றாகத்தான் பார்த்தேன். இலக்கம் பெட்டியிலும் ரசீதிலும் ஒன்றாகவே இருந்தது. பிறகு ஏன் அனுப்பவில்லை என்று கேட்டேன். "அந்த நம்பர வெச்சு வேற ஆக்கள் கள்ள விளம்பரம் போடுவாங்க. நீங்க ஆரெண்டு எங்களுக்கும் தெரியாதானே" என்றாள். ஆக, அவர்களும் என்னைச் சந்தேகப்பட்டிருக்கிறார்கள்! லென்ஸின் துவாரத்தைச் சின்னதாக்கி வெள்ளைச் சுவரைப் படம் எடுத்தேன். சென்சரில் ஒரு தூசுப் புள்ளிகூட இல்லை. போனின் வெளிச்சத்தை லென்ஸுக்குள் அடித்துப் பார்த்தேன். கடலோர ஊரில் லென்ஸில் பூஞ்சை பிடிப்பது சகஜம், இதில் இல்லை. ஒரு படத்தை மடிக்கணினியில் போட்டு எத்தனை தடவை ஷட்டர் அடித்திருக்கிறது என்று பார்த்தேன். பதினோராயிரம் சொச்சம். கல்யாணக்காரிக்கு அது நாலு மாத வேலை.

குறை இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். குறையே இல்லாதது என்னை இன்னும் கிளறிவிட்டது. கமராவின் மெனுவில் பட்டியல் பட்டியலாக உள்ளே போய், கமராவோடு இணைத்த போன்களின் பெயர்களைத் திறந்தேன். இரண்டு இருந்தன. ஒன்று சிஹானா. மற்றது ரிஸ்வி.

"உங்கட கமராவுல ஏன் அவர்ட போன் ஈக்குது?" என்றேன்.

அவள் முகம் மாறியது. மேசை விரிப்பை இழுத்துச் சரிசெய்தாள்.

"கமரா வந்த புதுசில கமராவோட சேர்ற 'அப்' என்ட போன்ல வேல செய்யல்ல. இவங்கட போன்ல போட்டுத்தான் பழகினன். மறுகா புதுப் போன் எடுத்து என்டயையும் சேத்தன். இவங்கடய அழிக்க மறந்துட்டன்" என்றாள். "இது படம் எடுக்க எடுக்க, தானா சின்னப் படமொண்ட போனுக்கு அனுப்பும். அண்டைக்குக் கல்முனைக்குடியில ஒரு கல்யாணம். என்ட போன் சார்ஜ் இல்லாம நிண்டு போச்சு. கமரா மத்தப் போனத் தேடிப் புடிச்சிட்டு. இவங்க என்னக் கூட்டிப் போக வந்து மண்டபத்து வாசல்ல நிண்டவங்க."

திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ரிஸ்வியின் குரல் வந்தது. "சாரன் ஓடர் ஏதும் வந்திருக்கெண்டுதான் திறந்தன் நானா. ரெண்டு படம் கண்டுட்டன். உடன போன நிப்பாட்டிட்டன். ஆனா பக்கத்தில நிண்ட ஒருத்தரும் கண்டுட்டார்."

மணமகள் முக்காடு இல்லாமல் இருந்த படங்கள்.

"மத்த நாள் விடிய சுபஹ் தொழுதிட்டு நேர அந்த மணமகள்ட ஊட்ட போனன்" என்றாள் சிஹானா. "சொல்லாம இரிக்க ஏலாது ராத்தா. அழிச்சாச்சு எண்டும் சொன்னன். மறுகா எனக்கு அஞ்சு கல்யாணம் பேசியிரிந்த. நாலு பேர் வேணாம் எண்டுட்டாங்க. நான் எடுக்கிறதெல்லாம் புருசன்ட போனுக்குப் போகுதாம்."

"இப்ப என்ன செய்யப் போறீங்க?"

அலுமாரியிலிருந்து ஒரு பழைய டிஎஸ்எல்ஆரை எடுத்துக் காட்டினாள். என்னுடையதைவிடப் பழையது. "இதால எங்கயும் அனுப்ப ஏலாது. இதக் காட்டித்தான் இனி வேல கேக்கணும்."

நான் இருநூறு கிலோமீட்டர் வந்தது டிஎஸ்எல்ஆரை விட்டு மிரர்லெஸ்ஸுக்குப் போக. அவள் மிரர்லெஸ்ஸை விட்டு டிஎஸ்எல்ஆருக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள். கேட்க உருக்கமான கதைதான். உருக்கமான கதைகளைத்தான் நான் நம்புவதில்லை.

"அந்த மணமகள்ட உம்மாவப் பாக்க ஏலுமா?" என்று கேட்டேன். தயங்குவாள், காரணம் சொல்வாள், அப்போது எழும்பிப் போய்விடலாம் என்று நினைத்தேன். அவள் அபாயாவைப் போட்டு, கமராப் பையையும் எடுத்துக்கொண்டாள். "வாங்க" என்றாள்.

கல்முனைக்குடிக்கு நாங்கள் பெண்கள் இருவரும் ஓட்டோவில், எழுநூறு ரூபாய். ஆண்கள் பின்னால் மோட்டார் சைக்கிளில். கடற்கரை வீதியிலிருந்து ஒரு வீட்டு வளவு தள்ளி உள்ளே இருந்தது வீடு. வாசல் படலை வரைக்கும் வேகமாக வந்த சிஹானா அங்கே நின்றுவிட்டாள். போய் உண்மையைச் சொன்ன அந்தக் காலைக்குப் பிறகு அவள் அங்கே வரவில்லையாம்.

ஐம்பது வயது மதிக்கத்தக்க அந்த உம்மா எட்டிப் பார்த்தார். "என்ன புள்ள, வாசல்லயே நிக்கிற? உள்ளுக்கு வா."

நான் யார், ஏன் வந்தேன், நாலு வீட்டார் சிஹானாவை வேண்டாம் என்றது எல்லாம் சொன்னேன். ஒரு மூன்றாம் ஆள் வீட்டுக்குள் வந்து இப்படி விசாரிப்பது மரியாதையில்லை என்று தெரியும். ஆனாலும் கேட்டேன்.

"ஓம், அவதான் வந்து சொன்ன" என்றார். "சொல்லாட்டி எங்களுக்கு ஆர் சொல்லப் போறா?"

"அப்ப ஊர்ல எப்படிக் கதை பரவின?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. சிஹானாவையும் பார்க்கவில்லை. "நான் என்ட தங்கச்சிட்ட மட்டும்தான் சொன்னன்." முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "அவவும் ஒருத்திட்ட மட்டும்தான் சொல்லியிரிப்பா."

அந்த உம்மா என் பக்கம் திரும்பினார்.

"நீங்களும் பொம்புளயள்ட படம்தானே எடுக்கிற. உங்கட படத்த ஆரு பாக்கிற?"

"நான் மட்டும்தான்" என்றேன். பதினொரு வருடமாகச் சொல்கிற பதில், தானாக வந்தது.

"அல்பமும் நீங்களேயா அடிக்கிற?"

மேசையில் இருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தேன். என் படங்களைத் திருத்தி அல்பமாக அச்சடிப்பது கண்டியில் ஒரு ஸ்டுடியோ. கமராவின் மெமரி கார்ட்டை அப்படியே கொடுத்துவிட்டு வருவேன். மணப்பெண்களின் முகத்தைப் பெரிதாக்கிப் பருவைத் துடைப்பது இரண்டு ஆண்கள். எந்த வீட்டிலும் அதை நான் மறைத்ததில்லை என்றுதான் நினைத்திருந்தேன், அல்பம் யார் அடிப்பது என்று யாரும் கேட்காததால்.

"இல்ல" என்றேன். "ஸ்டுடியோவுக்குக் குடுக்கிற. அங்க ஆம்பிளகள்தான்."

"அந்த ஊட்டுக்காரங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"இவ ரெண்டு படத்துக்கு ஓடி வந்து சொன்ன" என்றார் அந்த உம்மா. சிஹானா தலையைக் குனிந்துகொண்டாள். என் மானத்தைக் காப்பாற்றத்தான் குனிந்தாள் என்று நினைக்கிறேன். வெளியே வரும்போது அந்த உம்மா சிஹானாவின் கையைப் பிடித்து, "தங்கச்சிட்ட நான் கதைக்கிறன் புள்ள. அந்த நாலு ஊட்டுக்கும் நானே போறன்" என்றார்.

திரும்பும் ஓட்டோவில் பாதி வழி போனதும் சிஹானா கேட்டாள்: "ராத்தா, கோவிப்பீங்களா? எனக்கு இப்ப இத விக்க மனமில்ல."

உண்மையைச் சொல்கிறேன், முதலில் எனக்கு வந்தது சந்தேகம்தான். வேறு யாராவது கூடக் கேட்டிருப்பார்களோ? பிறகு மடியில் கமராப் பையை அவள் பிடித்திருந்த விதத்தைப் பார்த்தேன். "கோவமில்ல" என்றேன். "ஆனா அவர்ட போன இப்பவே அழிங்க." ஓட்டோ குலுங்கக் குலுங்க, நான் பார்த்திருக்க அழித்தாள்.

அன்று கல்முனையில் அறை எடுத்துத் தங்கினோம். 4,500 ரூபாய், சுத்தமான அறை. மறுநாள் காலை பஸ்ஸில், கமராவுக்கான காசைத் தொடாமல் திரும்பினோம்.

இதே யோசனையில் இருப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். சிஹானாவின் கமராவை அரை மணித்தியாலம் கையில் வைத்திருந்ததில், பாரமும் கண் ஃபோகஸும் சொல்கிற அளவுக்கு உண்மை. சத்தமில்லாத ஷட்டரை மட்டும் நம்பிவிடாதீர்கள். அவள் வீட்டு எல்ஈடி விளக்கின் கீழே படத்தில் கோடு கோடாக விழுந்தது, மண்டபங்களிலும் விழும். பெட்டரி டிஎஸ்எல்ஆரைவிடச் சீக்கிரம் தீரும். மேலதிகமாக இரண்டுக்குக் காசு வையுங்கள். பழைய லென்ஸைப் பூட்ட அடாப்டர் தனி. ஒருவர் பாவித்த பழைய கமரா வாங்கினால் இணைத்த போன்களின் பட்டியலை முதலில் அழியுங்கள், விற்றாலும் அப்படித்தான். மாதம் நாலு கல்யாணத்துக்குமேல் எடுக்கிறவர்கள் மாறலாம். நான் இப்போதைக்கு மாறவில்லை. அந்தக் காசில் திருத்தும் வேலையை நானே பழகுவதற்கு ஒரு நல்ல கணினித் திரையும் ஒரு பிரிண்டரும் வாங்கியிருக்கிறேன்.

ஊருக்கு வந்த வாரமே ஸ்டுடியோவுக்குப் போய், பக்கத்தில் இருந்து என் கோப்புகள் எல்லாவற்றையும் அழிக்க வைத்தேன். வேறு பிரதி இல்லை என்றார்கள். நம்புவதைத் தவிர வழியில்லை. பெருநாளுக்குப் பிறகு நடக்கும் கல்யாணங்களுக்குப் பேசியிருந்த மூன்று வீடுகளுக்கும் அழைத்து உள்ளதைச் சொன்னேன். ஒரு வீட்டார் வேண்டாம் என்றார்கள். இரண்டு வீட்டார், இனி நீங்களே செய்வதாக இருந்தால் வாருங்கள் என்றார்கள்.

பழைய வீடுகள்தான் கடினம். பெயர்களை எழுதி வைத்துப் பல நாள் பார்த்துக்கொண்டே இருந்தேன். போன வெள்ளிக்கிழமை முதல் பெயருக்கு அழைத்தேன். அவள் இப்போது இரண்டு பிள்ளைகளின் உம்மா. நான் சொல்லி முடிக்கும் வரை கேட்டாள். பிறகு, "அந்த ஸ்டுடியோக்காரங்க ரெண்டு பேரும் ஆரு ராத்தா? பேரச் சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன்.