திருத்தணியில் ஒரு பொன்னாடையும் ஒரு மனுவும்

போன ஞாயிற்றுக்கிழமை நான் திருத்தணிக்குப் போனது சாமி கும்பிட அல்ல. நான் டி.எஸ்.பி.யாக ஓய்வு பெற்றவன். எங்களைப் போன்ற பழைய காவல் அதிகாரிகளுக்கு ஒரு சங்கம் இருக்கிறது. புதிதாகப் பொறுப்பேற்கும் டி.எஸ்.பி.க்களுக்குப் பொன்னாடை போர்த்தி, ஆளுக்கு ஒரு மூத்தவரை வழிகாட்டியாக நியமிப்பது அதன் வழக்கம். இந்த முறை மூன்று பேர். அவர்களில் ஒருவருக்கு நான் வழிகாட்டி. மலைக்குப் போகிறவர்களுக்கு உதவட்டும் என்று பயண விவரங்களையும் எழுதுகிறேன். மற்றபடி இதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை.

சென்னை சென்ட்ரலில் காலை ஆறரை மணி லோக்கல். டிக்கெட் இருபத்தைந்து ரூபாய். அரக்கோணம் வரை நின்றுகொண்டே போனேன், அங்கேதான் உட்கார இடம் கிடைத்தது. திருத்தணியில் இறங்கும்போது 8.50.

ஆட்டோக்காரர், "கோயிலுக்கா சார்? மேல வரைக்கும் வுட்டுட்டு வரேன், இருநூறு குடுங்க" என்றார். ஒன்றரை கிலோமீட்டரில் இருந்த கல்யாண மண்டபத்தின் பெயரைச் சொன்னேன். "போலீஸ் பங்ஷனா? அப்ப அறுவது குடுங்க, போதும்" என்றார். நம் துறைக்கு இன்னும் மரியாதை இருக்கிறது என்று அற்பமாகச் சந்தோஷப்பட்டேன்.

மண்டப வாசலில் சரோஜா நின்றிருந்தார். என்னிடம் பல வருடம் ஜீப் ஓட்டிய குமாரின் அக்கா. பொதட்டூர்பேட்டையில் தறி ஓட்டுகிறார். இரண்டு வருடத்துக்கு முன் மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் கோழிப்பண்ணை வேலைக்குப் போன அவர் மகன் தினேஷ் திரும்பவில்லை. அங்கே போலீஸ் ஸ்டேஷனில் அடையாளம் தெரியாத உடல்களின் போட்டோக்கள் இருக்கின்றன. இங்கிருந்து டி.எஸ்.பி. கடிதம் வந்தால் காட்டுவோம் என்று அந்தப் பக்கம் சொல்லிவிட்டார்கள். இந்தப் பக்கம் வந்த மூன்று டி.எஸ்.பி.க்களும் "பார்க்கலாம்" என்றே மாற்றலாகிப் போனார்கள். நான்காவதாக வந்திருப்பவர்தான் நான் வழிகாட்ட வேண்டிய பெண் அதிகாரி. அதனால்தான் சரோஜாவை நானே வரச் சொன்னேன்.

"ரெண்டு வருஷமா நடந்துகினே கீறேன் சார். அந்தப் போட்டோவ பாத்து, அவன் இல்லன்னா வூட்டுக்கு வந்துடறேன். அவன்தான்னா அழுதுட்டு வந்துடறேன். அவ்ளோதான கேக்கறேன்?" என்று மனுவை என் கையில் கொடுத்தார்.

பத்தரைக்கு விழா தொடங்கியது. பொன்னாடை போர்த்தி முடித்து, குரூப் போட்டோவுக்கு எல்லோரும் வரிசைக்கு வந்த நேரத்தில், மனுவை அந்த அதிகாரியிடம் நீட்டி விஷயத்தைச் சொன்னேன். அவர் இரண்டு நிமிடம் கவனமாகப் படித்தார். பிறகு சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தார்.

"என்னை டெஸ்ட் பண்றீங்களா சார்? சங்கத்துல குடுத்த உங்க கையேட்ட ரெண்டு தடவ படிச்சுட்டேன். முதல் மூணு மாசம் பழைய பைல்ல கை வெக்காதே, அதைக் கொண்டாந்து குடுக்கறது யாரா இருந்தாலும் சரின்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க?"

எழுதியிருந்தேன். ஒவ்வொரு புது அதிகாரிக்கும் அதைத்தான் கொடுக்கிறோம். சரோஜாவைத் திருப்பி அனுப்பிய மூன்று பேரும் அதைப் படித்தவர்கள்தான்.

இது டெஸ்ட் இல்லையம்மா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் எங்கள் தலைவர் பக்கத்திலிருந்து, "பாருங்க, எப்படித் தேறிட்டாங்க!" என்று கைதட்டினார். எல்லோரும் தட்டினார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்போடுதான் போட்டோவில் இருக்கிறேன். முப்பத்திரண்டு வருட வேலையில் இவ்வளவு கேவலமாக நான் உணர்ந்ததில்லை.

வெளியே வந்ததும் சரோஜா, "சொன்னீங்களா சார்?" என்றார்.

"மூணு மாசம் கழிச்சுப் பார்க்கலாம்னு சொல்றாங்கம்மா."

"ஆங்" என்றார். "அதுக்குள்ள இவங்களயும் மாத்திட்டா?"

சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னேன்; வேண்டாம் என்று மனுவை வாங்கி மடித்துக்கொண்டு போய்விட்டார். கையேடு நான் எழுதியது என்று அவரிடம் சொல்லவில்லை.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். படி ஏறுவதானால் எட்டு மணிக்குள் ஏறிவிடுங்கள். அதற்கு மேல் கால் சுடும். தண்ணீர் கொண்டுபோங்கள். பொதட்டூர்பேட்டைக்கு இங்கிருந்து இருபது கிலோமீட்டர், பஸ் உண்டு. மனுவோடு வருகிறவர்கள் நேராக அலுவலகத்துக்குப் போய், ரசீது வாங்காமல் நகராதீர்கள். என்னைப் போன்ற தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார் என்று நம்பி விழா மண்டபத்துக்கு வராதீர்கள்.

மறுநாள் காலையில் குமார் போன் செய்தான். "அக்கா உங்களப் பத்திதான் சார் பேசிகினு இருக்காங்க. எங்களுக்காக அவ்ளோ தூரம் வந்து, பெரிய அதிகாரிகிட்டயே பேசினீங்களாம். நீங்க நல்லா இருக்கணும்னு மலையேறி உங்க பேருக்கு அர்ச்சனை பண்ணிட்டுதான் பஸ் ஏறினாங்களாம்."